ஓசோன் ஏத்தினா கேன்சர் கரையுமா?

செங்கல்பட்டுல இருக்கிற மாமா ஒருத்தர் போன்ல கேட்டார். "தம்பி, மகாபலிபுரம் போற வழியில ஓசோன் சிகிச்சை தர்றாங்களாம். கீமோவை நிறுத்த வேணாமாம், கூடவே எடுத்துக்கிட்டாப் போதுமாம். அத்தைக்குக் குடுக்கலாமா?"

வேணாம் மாமான்னு சொன்னேன். ஏன்னு விளக்கமா சொல்லத்தான் இந்தப் பதிவு.

ஓசோன்ங்கறது மூணு ஆக்சிஜன் அணு சேர்ந்த வாயு. கிருமியைக் கொல்றதுல கில்லாடி. நாம வாங்குற கேன் தண்ணியைச் சுத்தம் பண்ணக்கூட அதைப் பயன்படுத்தறாங்க. ஆனா தண்ணிக் கேன் வேற, மனுஷ உடம்பு வேற இல்லையா? கிருமியை அரிக்கிற அதே குணம் நம்ம நுரையீரலையும் அரிக்கும். அதனாலதான் நம்ம நாட்டுக் காற்றுத் தரக் குறியீட்டுல ஓசோனையும் மாசுப் பட்டியல்ல வச்சிருக்காங்க.

"கடற்கரைக் காத்துல ஓசோன் இருக்கு, உடம்புக்கு நல்லது"ன்னு ஒரு பேச்சு உண்டு. அது 19-ம் நூற்றாண்டு ஐரோப்பிய நம்பிக்கை. மாமல்லபுரம் கரையில நின்னா வர்ற வாசனைக்கு முக்கியக் காரணம் கடல் நுண்ணுயிர்கள்ல இருந்து வர்ற ஒரு கந்தகச் சேர்மம். ஓசோன் இல்லீங்க!

சிகிச்சைன்னு என்ன செய்யறாங்க? கொஞ்சம் ரத்தத்தை எடுத்து, ஓசோன் கலந்து, திரும்ப ஏத்தறாங்க. இல்லேன்னா ஆசனவாய் வழியா வாயுவைச் செலுத்தறாங்க. "கேன்சர் செல்லுக்கு ஆக்சிஜன் ஆகாது"ங்கறதுதான் சொல்ற காரணம். 1931-ல நோபல் பரிசு வாங்கின ஓட்டோ வார்பர்க் பேரையும் இழுப்பாங்க. அவர் கண்டது என்னன்னா, ஆக்சிஜன் தாராளமா இருந்தாலும் கேன்சர் செல் சர்க்கரையை நொதிக்க வச்சே பிழைக்கும்ங்கறது. ஆக்சிஜன் குடுத்தா சாகும்னு அதுக்கு அர்த்தமே இல்லை.

இன்னொண்ணு. கொரோனா சமயத்துல எல்லாரும் விரல்ல ஆக்சிமீட்டர் மாட்டிப் பாத்தோமே, 97, 98-ன்னு காட்டுச்சே? ஏற்கெனவே நிரம்பின குடத்துல இன்னும் எவ்வளவு ஊத்த முடியும்? கட்டிக்குள்ள ஆக்சிஜன் குறைவா இருக்கலாம், அது நிஜம். ஆனா அங்க ரத்தக் குழாய்களே தாறுமாறா ஓடுறதுதான் பிரச்சினை.

நியாயமா இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். கதிர்வீச்சுக்கு அப்புறம் வர்ற புண், வலிக்கு ஓசோன் உதவுமான்னு ஸ்பெயின்ல சின்னச் சின்ன ஆய்வுகள் நடந்திருக்கு. கேன்சரையே குறைக்கும்னு யாரும் நிரூபிக்கலை. அமெரிக்க எஃப்.டி.ஏ. விதியோ ஓசோனை நச்சு வாயுன்னே சொல்லுது. துணை சிகிச்சையாக்கூட அதுக்குப் பயன் இருக்கறதாத் தெரியலைங்கறது அந்த விதி.

என் பயமெல்லாம் அந்த "கூடவே"ங்கற வார்த்தை மேலதான். கேன்சரைக் குணமாக்கும்னு மருந்து விளம்பரம் செய்யறது 1954-ம் வருஷச் சட்டப்படி குற்றம். "கூடவே"ன்னா யாருக்கும் உறுத்தாது. ஆனா 2018-ல வந்த ஒரு அமெரிக்க ஆய்வைப் பாருங்க. துணை மருத்துவம் எடுத்தவங்கள்ல 34 சதவீதம் பேர் கீமோ வேணாம்னுட்டாங்க. எடுக்காதவங்கள்ல 3 சதவீதம்தான். இறக்கிற ஆபத்து ஏறக்குறைய ரெண்டு மடங்கு. அந்த வித்தியாசத்துக்குக் காரணம் முறையான சிகிச்சையை மறுத்ததுதான்னு ஆய்வு சொல்லுது. கீமோவால வாந்தியும் முடி உதிர்வுமா அவதிப்படறப்ப, வலிக்காத வைத்தியம் பக்கத்துல இருந்தா மனசு எந்தப் பக்கம் சாயும்? "கூடவே" எப்ப "பதிலா" ஆகும்னு வீட்டுக்காரங்களுக்கே தெரியாது.

அங்க உட்கார வச்சுப் பொறுமையாப் பேசறாங்க, அந்த ஆறுதலுக்காகவே ஜனங்க போறாங்க. புரியுது. கூட்டம் நெரியற ஆஸ்பத்திரியில அது கிடைக்கறதில்லை. ஆனா ஆறுதல் சொல்ல வாயு எதுக்குங்க? அதை நாம குடுக்கலாமே.

செங்கல்பட்டுக்காரங்களுக்கு ரெண்டு பக்கமும் நல்ல இடம் இருக்கு. ஒரு பக்கம் காஞ்சிபுரம் காரப்பேட்டையில அண்ணா பேர்ல அரசு புற்றுநோய் மருத்துவமனை. இன்னொரு பக்கம் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல தொடங்கின அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட். முதல்வர் காப்பீட்டு அட்டையில கேன்சர் சிகிச்சையும் உண்டு.

கூட எதை எடுத்தாலும், கீமோ குடுக்கிற டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லிட்டு எடுங்க. சொல்லவே தயக்கமா இருந்தா, அந்தத் தயக்கமே பதில்.

மாமாவுக்கு அடுத்த கீமோ தேதியை ஞாபகப்படுத்திட்டேன். உங்க ஊர்ல என்ன நடக்குதுன்னு பின்னூட்டத்துல எழுதுங்க மக்களே.