பாதியில் நிற்கும் வேதியியல்: கலிபோர்னியா சமுதாயக் கல்லூரிகளின் வேந்தருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வேந்தர் சோனியா கிறிஸ்டியன் அவர்களுக்கு,

116 கல்லூரிகளுக்குப் பொறுப்பான அலுவலகத்தில் இருக்கும் உங்களுக்கு ஒரே ஒரு வகுப்பைப் பற்றி எழுதுகிறேன்: பொது வேதியியலின் இரண்டாம் செமஸ்டர். முதல் செமஸ்டரை நடத்தும் எந்தக் கல்லூரியும், அதைத் தேறிய மாணவருக்கு அடுத்த செமஸ்டரிலேயே இரண்டாவதை ஆய்வகத்தோடு நடத்தித் தர வேண்டும். சேர்க்கை குறைவு என்று சொல்லி அதை ரத்து செய்யக் கூடாது. இதை மாநிலம் முழுவதற்குமான விதியாக நீங்கள் கொண்டுவர வேண்டும் என்பதே என் கோரிக்கை. பேக்கர்ஸ்ஃபீல்டு கல்லூரியில் கணித ஆசிரியராகப் பணியைத் தொடங்கியவர் நீங்கள். ஒன்றன் மேல் ஒன்றாக ஏறும் பாடத்தில் நடுவே ஒரு படி இல்லாமற்போனால் என்ன ஆகும் என்று உங்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வகுப்பு அட்டவணையைத் தீர்மானிக்கும் கணக்கேடுகள் அந்தப் படியைத் தனிப் பொருளாகவே பார்க்கின்றன. தமிழில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் பட்டம் பெற்று இங்கே குடியேறி, மருந்தியலோ பல் மருத்துவமோ படிக்க விரும்புகிறவர்களிடம் பல தொழிற்கல்விப் பள்ளிகள் அமெரிக்கக் கல்லூரியில் முடித்த முன்தேவைப் பாடங்களைக் கேட்கின்றன. அவர்களுக்கும், இங்கேயே பிறந்து வளர்ந்த அவர்கள் பிள்ளைகளுக்கும், யூனிட்டுக்கு 46 டாலர் என்ற கட்டணத்தில் கதவைத் திறந்து வைத்திருப்பவை உங்கள் கல்லூரிகள்தாம். ஐந்து யூனிட் வேதியியல் 230 டாலரில் முடிகிறது. இந்த நாட்டின் உயர்கல்வியில் இதற்கு ஈடான வாய்ப்பு அரிது என்பதாலேயே அது பாதியில் அறுந்துபோவது இவ்வளவு வலிக்கிறது.

முதலில் பாடத்தைப் பார்ப்போம். முதல் செமஸ்டரில் மாணவர் மோல் கணக்கு, வினைச் சமன்பாடு, அணு அமைப்பு, பிணைப்பு, வெப்பவேதியியல், வாயு விதிகள் ஆகியவற்றைக் கற்கிறார். அங்கே வரும் கணக்குகளில் பெரும்பாலும் வினை முழுமையாக நடந்து முடிகிறது. இரண்டாம் செமஸ்டரில்தான் அந்த எளிமை உடைகிறது. வினை இரு திசையிலும் நடக்கிறது. எங்கே நிலைகொள்கிறது என்பதைச் சமநிலை மாறிலி சொல்கிறது. எவ்வளவு வேகமாக அங்கே போய்ச் சேர்கிறது என்பதை வினைவேகவியல் சொல்கிறது. அமிலம், காரம், தாங்கல் கரைசல், கரைதிறன் பெருக்கம், என்ட்ரோப்பி, மின்கலம் எல்லாம் இந்த ஒரே கருத்தின் கிளைகள். அசிட்டிக் அமிலமும் சோடியம் அசிட்டேட்டும் கலந்த தாங்கல் கரைசலில் கொஞ்சம் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்தால் அதன் பிஹெச் என்ன என்பது இந்தப் பாடத்தின் வழக்கமான தேர்வுக் கேள்வி. அதன் முதல் பாதி, எத்தனை மோல் அமிலம் நடுநிலையாக்கப்பட்டது என்ற முதல் செமஸ்டர் கணக்கு. இரண்டாம் பாதிதான் சமநிலை. முதல் பாதி கையில் பழகியிருக்காவிட்டால் இரண்டாவதற்குள் நுழையவே முடியாது. இப்படியே போய், கிப்ஸ் கட்டிலா ஆற்றலையும் சமநிலை மாறிலியையும் மின்கலத்தின் வோல்ட்டேஜையும் ஒரே வரியில் இணைக்கும் சமன்பாட்டில் பாடம் உச்சத்தை அடைகிறது. அந்த ஒரு வரிக்கு முதல் செமஸ்டரின் என்தால்பியும் ஆக்சிஜனேற்ற எண்ணும் தேவை. ஆக இது நாட்காட்டியின் வசதிக்காக நடுவில் வெட்டப்பட்ட ஒரே பாடம். இரண்டு பாதிகளுக்கும் இடையே எட்டு மாதமோ ஓராண்டோ இடைவெளி விழுந்தால், முதல் பாதியில் கற்றது கரைந்துபோகிறது. கையில் பழகிய கணக்கு, பழக்கம் விட்டால் போய்விடும்.

பல்கலைக்கழகங்கள் பலவும் இதை ஒரே பாடமாகத்தான் கருதுகின்றன. பொது வேதியியலைப் பொறுத்தவரை பல துறைகள் முழுத் தொடரையும் கேட்கின்றன. ஒரு பாதியை மட்டும் கொண்டுபோனால் அத்தகைய துறைகளில் அந்தத் தேவை நிறைவேறுவதில்லை. உங்கள் அமைப்பின் பாட அடையாள முறையும் தனிப்பாடத்தோடு, முழுத் தொடருக்கென்றே ஓர் எண் வைத்திருக்கிறது. அதன் பிறகு வரும் சங்கிலியையும் எண்ணிப் பாருங்கள். பொது வேதியியல் இரண்டு செமஸ்டர், அதன் மேல் கரிம வேதியியல் இரண்டு செமஸ்டர்: பல்கலைக்கழகத்துக்கு மாறும் டிரான்ஸ்ஃபருக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் இருக்கும் நான்கு செமஸ்டர்களும் இதோடு தீர்ந்தன. கலிபோர்னியா பல்கலைக்கழகம் டிரான்ஸ்ஃபர் மாணவர்களைப் பெரும்பாலும் இலையுதிர்ப் பருவத்தில்தான் சேர்க்கிறது. ஆகவே இரண்டாம் செமஸ்டர் ஒருமுறை தள்ளிப்போனால் மாணவர் இழப்பது ஒரு முழு ஆண்டு. 2017 முதல் 2019 வரை சேர்ந்து, டிரான்ஸ்ஃபர் ஆக வேண்டும் என்று விரும்பிய மாணவர்களில் நான்கு ஆண்டுக்குள் அதைச் சாதித்தவர்கள் ஐந்தில் ஒருவர் அளவே என்று மாநிலத் தணிக்கையாளர் 2024-இல் சொன்னார். இதற்கு வேதியியல்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. காரணங்கள் பல. ஆனால் கல்லூரியே தன் கையால் உண்டாக்கும் தாமதம் ஒன்று உண்டென்றால், அதை முதலில் களைவதுதானே முறை?

அந்தத் தாமதம் உண்டாகும் விதம் இதுதான். மாநில நிதியின் பெரும்பகுதி இன்னும் முழுநேர மாணவர் எண்ணிக்கையைக் கொண்டே வருகிறது. 525 வகுப்பு மணி நேரம் ஒரு முழுநேர மாணவருக்குச் சமம். வாரம் மூன்று மணி நேர விரிவுரையும் ஆறு மணி நேர ஆய்வகமும் கொண்ட வேதியியல் வகுப்பில் 12 பேர் இருந்தால், மூன்று மணி நேர விரிவுரை வகுப்பில் 36 பேர் இருப்பதற்கு ஈடான வகுப்பு மணி நேரம் சேர்கிறது. வரவு பார்த்தால் இது மோசமில்லை. செலவில்தான் சிக்கல்: ஆசிரியர் ஒன்பது மணி நேரம் நிற்க வேண்டும், ஆய்வக உதவியாளர் வேண்டும், ரசாயனமும் கழிவகற்றலும் வேண்டும், பாதுகாப்புக்காக ஓர் ஆய்வகத்தில் இருபத்தைந்து பேர் அளவுக்கு மேல் சேர்க்கவும் முடியாது. ஆகவே ஆசிரியர் நேரத்துக்கு எத்தனை மாணவர் மணி நேரம் என்று வகுக்கும் அந்த அளவுகோலில், பாதி நிரம்பிய வேதியியல் வகுப்பு அட்டவணையின் அடிமட்டத்துக்குப் போய்விடுகிறது. செமஸ்டர் தொடங்கும் நேரத்தில் டீன் எதை வெட்டலாம் என்று பார்க்கும்போது கண்ணில் முதலில் படுவது அதுதான். டீனைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கையில் கொடுத்த அளவுகோல் அதைத்தான் காட்டுகிறது.

அளவுகோலில்தான் பிழை. அந்த 12 பேரும் வேதியியலை மட்டும் எடுக்கும் மாணவர்கள் அல்லர். கால்குலஸ், இயற்பியல், உயிரியல், பிறகு கரிம வேதியியல் என்று பல வகுப்புகளை நிரப்புகிறவர்களும் அவர்களே. இரண்டாம் செமஸ்டரை வெட்டினால் அடுத்த ஆண்டின் கரிம வேதியியல் தானாகவே மெலிகிறது. பிறகு அதையும் சேர்க்கை குறைவு என்று வெட்டுகிறார்கள். வகுப்பு ரத்தாகி 12 யூனிட்டுக்குக் கீழே போகும் மாணவருக்கு அந்த செமஸ்டரின் கல்வி உதவித்தொகை குறைகிறது. வெளிநாட்டு மாணவராக இருந்தால் விசாவுக்கே நெருக்கடி. ஒரு வகுப்பில் மிச்சம் பிடித்த தொகை ஏட்டில் தெரிகிறது; மாணவர் கல்லூரியை விட்டுப் போனதால் போன வருவாய் எந்த ஏட்டிலும் அந்த வகுப்பின் பெயரில் எழுதப்படுவதில்லை. தொடரை ஒரே அலகாகக் கணக்கிட்டால், அதாவது முதல் செமஸ்டரின் நிரம்பிய வகுப்புகளையும் இரண்டாம் செமஸ்டரின் மெலிந்த வகுப்பையும் சேர்த்துப் பார்த்தால், இந்தப் பாடம் தன் இடத்தை நியாயப்படுத்த அதிகம் பாடுபட வேண்டியிராது.

முதல் செமஸ்டரில் மூன்று பிரிவு இருந்து இரண்டாவதில் ஒன்றுக்கே ஆள் தேறுகிறது என்றால், குறை மாணவரின் ஆயத்தத்தில் அல்லவா, அங்கே பணத்தைப் போடுங்கள் என்று சிலர் சொல்வார்கள். இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. முதல் செமஸ்டரில் விழுகிறவர்கள் பலர். அவர்களுக்குத் துணை வகுப்பும் பயிற்சியும் வேண்டும். ஆனால் அந்த வடிகட்டலைத் தாண்டி வந்தவர்களை, உடன் வருகிறவர்கள் குறைவு என்பதற்காகத் தண்டிப்பது எப்படிச் சரியாகும்? மூன்று பிரிவு ஒன்றாகச் சுருங்குவதை யாரும் முன்கூட்டியே கணிக்கலாம். கணிக்கக் கூடிய சுருக்கத்தைத் தேவைக் குறைவு என்று படிப்பது தவறான வாசிப்பு. இரண்டாம் செமஸ்டரிலேயே தவறுகிறவர்களையும் மறக்கக் கூடாது. ஒரு பாடத்தைப் பொதுவாக மூன்று முறைக்கு மேல் எடுக்க உங்கள் விதிகள் விடுவதில்லை. இடையில் விலகி வாங்கும் குறிப்பும் அந்த மூன்றில் ஒன்று. வசந்தப் பருவத்தில் மட்டுமே நடக்கும் வகுப்பில் ஒருமுறை சறுக்கியவர் அடுத்த வாய்ப்புக்கு ஓராண்டு காத்திருக்கிறார்.

பக்கத்துக் கல்லூரிக்குப் போகலாமே என்பது அடுத்த மறுப்பு. தாளில் இது எளிது. டி ஆன்சாவும் ஃபுட்ஹில்லும் காலாண்டு முறையில் நடப்பவை. அங்கே பொது வேதியியல் மூன்று துண்டுகளாக இருக்கிறது. செமஸ்டர் கல்லூரியில் முதல் பாதியை முடித்தவர் அங்கே போனால் எந்தத் துண்டின் நடுவில் இறங்குவது? எண்களோ ஒரு கல்லூரியில் 1பி, சான் பிரான்சிஸ்கோவில் 101பி, சான் டியேகோவில் 201 என்று வழங்கி வந்திருக்கின்றன. பொதுப் பாட எண்ணுக்கான 2021-ஆம் ஆண்டுச் சட்டம் பெயர்க் குழப்பத்தைத் தீர்க்கும். அதை மனமார வரவேற்கிறேன். ஆனால் எண் ஒன்றானாலும், பாடங்கள் எந்த வரிசையில் பகுக்கப்படுகின்றன என்பதில் கல்லூரிக்குக் கல்லூரி வேறுபாடு இருக்கக் கூடும். அப்படியிருந்தால், பாதி வழியில் மாறுகிறவர் ஒரு தலைப்பை இரண்டு முறை கேட்பார், இன்னொன்றைக் கேட்காமலே போவார். பெருநகர்களில் பக்கத்துக் கல்லூரி என்று ஒன்றாவது இருக்கிறது. மாநிலத்தின் வடகோடியிலும் கிழக்கு மலையோர மாவட்டங்களிலும் அடுத்த கல்லூரி மலை கடந்து இருக்கிறது. வேலைக்குப் போகிறவர், குழந்தையை வளர்க்கிறவர், வாரம் ஒன்பது மணி நேர வகுப்புக்காக அந்தத் தொலைவை ஒரு செமஸ்டர் முழுக்கக் கடக்க மாட்டார். படிப்பைத்தான் விடுவார்.

இணையவழியில் நடத்தினால் என்ன என்று கேட்பவர்களோடு பாதி ஒத்துப்போகிறேன். விரிவுரையை இணையத்தில் வைக்கலாம். பல கல்லூரிகள் சேர்ந்து ஒரே விரிவுரையைப் பகிரலாம். இலவசப் பாடநூல்கள் ஏற்கெனவே தரமாக இருக்கின்றன. ஆய்வகத்தை மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது. பியூரெட்டிலிருந்து விழும் ஒரு துளியில் ஃபீனால்ப்தலீன் நிறம் மாறி இளஞ்சிவப்பு நிலைக்கிறது. அந்தத் துளியைத் தாண்டிவிட்டால் கணக்கு முழுவதும் கெடுகிறது. வெண்மையான வீழ்படிவு சில்வர் குளோரைடா லெட் குளோரைடா என்பதை அம்மோனியாவும் வெந்நீரும் தீர்த்து வைக்கின்றன. அம்மோனியாவில் முதலாவது கரையும், வெந்நீரில் இரண்டாவது. திரையில் இவை எப்போதும் சரியாகவே வரும். கையில் தவறாக வரும்போது ஏன் தவறியது என்று தேடுவதுதான் அறிவியல் பயிற்சி. 2020-இல் பெருந்தொற்றின்போது வேறு வழியில்லாமல் வீட்டிலும் திரையிலும் ஆய்வகம் நடந்தது. நெருக்கடியில் அது உதவியது. நிரந்தர ஏற்பாடாக அதை வைத்தால், இணையவழி ஆய்வகத்தை ஏற்காத தொழிற்கல்விப் பள்ளிகளின் வாசலில் உங்கள் மாணவர் மட்டும் திருப்பி அனுப்பப்படுவார். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை பல்கலைக்கழகத்தில் நேரடியாகச் சேர்ந்து உண்மையான குடுவையைத் தொடுகிறான். அந்த வேறுபாட்டைக் குறைப்பதாகத்தானே உங்கள் அமைப்பின் ‘தொலைநோக்கு 2030’ திட்டம் வாக்குறுதி தருகிறது?

வகுப்பு அட்டவணை 73 கல்லூரி மாவட்டங்களின் உரிமை, வேந்தர் அலுவலகம் அதில் தலையிட முடியாது என்பது எல்லாவற்றிலும் கனமான மறுப்பு. உள்ளூர் ஆட்சிமுறையை நான் மதிக்கிறேன். ஆனால் எல்லைகளை வகுக்கும் அதிகாரம் உங்களுக்கும் உங்கள் அமைப்பின் ஆளுநர் குழுவுக்கும் ஏற்கெனவே இருக்கிறது. பட்டப்படிப்புக்கு ஒப்புதல் கேட்கும் கல்லூரி, அதற்குத் தேவையான பாடங்களை இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையாவது நடத்துவதாக உறுதி தர வேண்டும் என்று உங்கள் கையேடே கேட்கிறது. கால அளவை நிர்ணயிக்கும் மாநில விதிக்கு முன்மாதிரி அங்கேயே உள்ளது. தனியாக நிற்கும் பாடத்துக்கு இரண்டு ஆண்டு போதுமாக இருக்கலாம். இரண்டே ஆண்டில் முடிய வேண்டிய பட்டத்தின் நடுவில் நிற்கும் தொடருக்கு அது கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. எனவே முன்தேவையால் கோக்கப்பட்ட ஆய்வகத் தொடர்களுக்குத் தனி விதி எழுதுங்கள்: முதற்பகுதியை அறிவிக்கும் கல்லூரி அடுத்த செமஸ்டரின் இரண்டாம் பகுதியையும் அதே நாளில் அறிவிக்க வேண்டும், அதில் கடைசியாக மிஞ்சும் பிரிவை எண்ணிக்கை காட்டி ரத்து செய்யக் கூடாது, ஒரே பிரிவு நடக்கும் கல்லூரிகளில் அதை ஓர் ஆண்டு பகலிலும் மறு ஆண்டு மாலையிலும் வைக்க வேண்டும். சிறு கல்லூரிகளுக்கு இதனால் விழும் பற்றாக்குறையை ஈடுகட்ட மாநில நிதியில் ஒரு பகுதியை ஒதுக்கித் தரக் கேளுங்கள். அதற்கு முன், சட்டம் எதையும் மாற்றாமல் உங்கள் அலுவலகம் உடனே செய்யக் கூடியது ஒன்று உண்டு. முதல் செமஸ்டரைத் தேறியவர்களில் எத்தனை பேருக்கு அடுத்த செமஸ்டரில் இடம் கிடைத்தது, எத்தனை பிரிவுகள் தொடக்க வாரத்தில் ரத்தாயின என்பதைக் கல்லூரி வாரியாகத் திரட்டி, வரும் இலையுதிர்ப் பருவத்தின் சேர்க்கை தொடங்கும் முன் வெளியிடுங்கள்.

அன்புடனும் மதிப்புடனும்,
கலிபோர்னியாவில் வாழும் ஒரு தமிழ்க் கட்டுரையாளர்