புள்ளி எழுத்து இல்லையாம்ல!

"கமாண்ட் லைன்ல எதுக்குய்யா தமிழ்? கோப்புக்கு இங்கிலீஷ்ல பேர் வச்சுட்டுப் போக வேண்டியதுதானே?"

நம்ம பொட்டி தட்டுற சனம் யாரைக் கேட்டாலும் வர்ற பதில் இதுதான். இவங்கள்ல பாதிப்பேர், தமிழ்99 நல்லதா ரோமன்ல அடிக்கிறது நல்லதான்னு விடிய விடிய மல்லுக்கட்டுறவங்க. 1999 தமிழ்நெட் மாநாடு முடிஞ்சு இத்தனை வருஷமாச்சு, சண்டை முடியலை. எழுத்தை உள்ளே போட இவ்வளவு சண்டை. போட்ட எழுத்தைத் திருத்துறதைப் பத்தி ஒருத்தரும் வாயைத் திறக்கிறதில்லை.

ஒரு சின்ன சோதனை. லினக்ஸ் டெர்மினலைத் திறந்து பாஷ்ல 'காயல்பட்டினம்'னு அடிங்க (எங்க ஊரு, ஹி ஹி). எண்டர் தட்டாம, ஆல்ட்டைப் பிடிச்சுக்கிட்டு பி. கர்சர் ஒரு சொல் பின்னாடி போகணும். போகாது. 'டினம்' முன்னாடி நிக்கும். மறுபடி அடிச்சா 'பட்' முன்னாடி. மூணாவது தடவைதான் 'கா'வுக்கு வரும். இப்ப பக்கத்து ஊரு ஆறுமுகநேரியை அடிச்சுப் பாருங்க. ஒரே தாவல்! ஏன்னா அந்தப் பேர்ல புள்ளி வச்ச எழுத்தே கிடையாது. திருச்செந்தூர்? அதுவும் மூணு.

பாஷ்ல வரியைத் திருத்துற வேலை ரீட்லைன்ங்கிற நிரலோடது. பிரையன் ஃபாக்ஸ் எழுதி, செட் ரேமி பராமரிக்கிறது. அது ஒவ்வொரு குறியையும் "நீ எழுத்தா, எண்ணா?"ன்னு கேட்டுத்தான் சொல்லோட எல்லையை முடிவு பண்ணுது. யூனிகோடு பட்டியல்ல காலும் கொம்பும் எழுத்து வகையில சேர்த்தி. புள்ளி சேர்த்தி இல்லை. அதனால ரீட்லைனுக்குப் புள்ளியும் கமாவும் ஒண்ணுதான். மெய்க்குப் புள்ளின்னு தொல்காப்பியமே இலக்கணம் சொன்ன மொழிக்கு இந்தக் கதி.

அம்புச் சாவியில இன்னொரு கூத்து. 'கீ'யைத் தாண்ட ஒரு தட்டு, 'கி'யைத் தாண்ட ரெண்டு தட்டு. ஈகாரக் குறியையும் புள்ளியையும் அகலமில்லாத குறின்னும், மத்த உயிர்க்குறிகளை அகலமுள்ளதுன்னும் கணக்கு வச்சிருக்காங்க. கர்சர் அந்த அகலக் கணக்குப்படி நகருது. 'கி'யை உடைக்காம ஒரே எழுத்தா எடுத்துக்கணும்னு அதே யூனிகோடுல தனி விதி இருக்கு. இங்கே அதை யாரும் மதிக்கலை.

சரி, புலம்பி என்ன பண்ண? நம்ம வீட்டு அடைவுல 'இன்புட்ஆர்சி'னு ஒரு கோப்பு (அதோட பேரே புள்ளியிலதான் ஆரம்பிக்கும், கவனிங்க!). அதுல ஆல்ட்-பிக்கு 'ஷெல்-பேக்வர்ட்-வேர்ட்', ஆல்ட்-எஃப்க்கு 'ஷெல்-ஃபார்வர்ட்-வேர்ட்', ஆல்ட்-டிக்கு 'ஷெல்-கில்-வேர்ட்'னு மூணு வரி. கண்ட்ரோல்-எக்ஸ் கண்ட்ரோல்-ஆர் அடிச்சா உடனே அமலுக்கு வரும். இந்த மூணும் இடைவெளியையும் ஷெல் குறிகளையும் மட்டும்தான் எல்லையா எடுத்துக்கும். காயல்பட்டினம் ஒரே சொல்லா நிக்கும். ஒரு விலை உண்டு: சாய்கோட்டுல நிக்காது, நீள பாதை முழுசும் ஒரே தாவல்தான். அதுக்குப் பழைய 'பேக்வர்ட்-வேர்ட்'டை ஆல்ட்-ஷிஃப்ட்-பிக்கு மாத்திக்கலாம். பொழப்பு ஓடிரும்.

"ஒவ்வொரு சர்வர்லயும் இதைச் செய்ய முடியுமா? இங்கிலீஷ்லயே பேர் வைக்கலாமே?"னு மறுபடி வருவீங்க. எங்க ஊர்ப் பேரையே இங்கிலீஷ்ல ஆளாளுக்கு ஒரு மாதிரி எழுதுறாங்க. எந்த எழுத்துக்கூட்டலை வச்சுக் கோப்பைத் தேட? வலி, வழி, வளி மூணும் வேற வேறன்னு அங்கே எப்படிக் காட்ட?

அதைவிடப் பெரிய நஷ்டம் இருக்கு. நாம நாசூக்கா இங்கிலீஷ்க்கு ஒதுங்கிட்டா, தமிழ் உடையுதுன்னு செய்யுறவங்களுக்குத் தெரியவே தெரியாது. புகார் இல்லைன்னா, அவங்களைப் பொறுத்தவரை பிழையே இல்லை. இன்னைக்கு ஆல்ட்-பிக்கு ஒதுங்குறோம். நாளைக்குத் தேடல்ல, வரிசைப்படுத்துறதுல, சொல் எண்ணுறதுல எல்லாம் ஒதுங்குவோம். பைத்தான்ல ரெகுலர் எக்ஸ்பிரஷன் வச்சுத் தமிழ்ச் சொல்லை எண்ணிப் பாருங்க, இதே கதைதான்.

எங்க ஊர்ப் பக்கம் அரபுத் தமிழ்னு ஒண்ணு இருந்துச்சு. தமிழை அரபி எழுத்துல எழுதுறது. அரபியில இல்லாத நம்ம ஒலிகளுக்கு, இருக்கிற எழுத்துலயே புள்ளியும் குறியும் சேர்த்துப் புது எழுத்து பண்ணிக்கிட்டாங்க. எழுத்துல இடமில்லைன்னு ஒலியை விட்டுக்கொடுக்கலை, மொழிக்கு ஏத்தபடி எழுத்தை வளைச்சாங்க. அவங்க கையில இருந்தது வெறும் மையும் பேனாவும். நம்ம கையில மூலநிரலே இருக்கு. பாஷ்கூடவே 'பாஷ்பக்'னு புகார் அனுப்புற கட்டளையும் சும்மா கிடக்கு.

தமிழ்99 சண்டையை நாளைக்குப் போட்டுக்கலாம் மக்களே. இன்னைக்கு ஒரு கோப்புக்குத் தமிழ்ல பேர் வைங்க. உடைஞ்சா புகார் எழுதுங்க.

டிஸ்கி: மேக்கில் 2019ல் இருந்து முன்னிருப்பா வர்றது இசட்-ஷெல். அது ரீட்லைன் பக்கமே போகாது. அந்தக் கதை வேற, அதை இன்னொரு பதிவுல கும்மலாம் :-)