வீடு திரும்பிய பின் தொடங்கும் சிகிச்சை: ஜமாஅத்தின் பொறுப்பு என்ன?

இரு சக்கர வாகன விபத்தில் ஓர் இளைஞரின் தலையில் பலத்த அடிபட்டால், நம் மஹல்லாக்கள் தாமதமின்றி உதவிக்கு விரைகின்றன. இரத்தம் கொடுக்க இளைஞர்கள் முன்வருகின்றனர். ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் வாயிலில் துண்டு விரித்து நிதி திரட்டப்படுகிறது. வெளிநாட்டில் உழைக்கும் சகோதரர்கள் வாட்ஸ்அப்பில் செய்தி கண்டு பணம் அனுப்புகின்றனர். அல்ஹம்துலில்லாஹ், இது நம் சமுதாயத்தின் சிறப்பு.

ஆயினும் தையல் பிரிக்கப்பட்டு அவர் வீடு திரும்பியதும் இந்த உதவி நின்றுவிடுகிறது. "உயிர் பிழைத்துவிட்டார்" என்ற ஆறுதலோடு நாம் அவரவர் அலுவலைப் பார்க்கச் சென்றுவிடுகிறோம். அந்தக் குடும்பத்துக்கோ அன்றுதான் நீண்ட சோதனை தொடங்குகிறது. ஒரு கை அசைய மறுக்கிறது, பேச்சு குழறுகிறது, காலையில் சொன்னது மாலையில் நினைவில் இருப்பதில்லை. சம்பாதித்தவர் படுக்கையில் இருக்க, அவருடைய மனைவி நாள் முழுவதும் பணிவிடை செய்பவராகிறார். வருமானம் நின்றுபோக, செலவு மட்டும் மாதந்தோறும் வளர்கிறது.

மூளைக் காயத்துக்கு மறுவாழ்வுச் சிகிச்சை ஒரு கூடுதல் வசதியன்று. அது சிகிச்சையின் இன்றியமையாத பகுதி. அறுவை சிகிச்சை உயிரைக் காக்கிறது. நடக்கவும், பேசவும், தானே உண்ணவும், உளூச் செய்து தொழவும் ஒருவரை மீண்டும் பழக்குவது அதன் பின் வரும் பல மாதப் பயிற்சியாகும். காயமுற்ற மூளை, திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சியால்தான் இழந்த திறன்களை இயன்றவரை மீட்கிறது. பயிற்சியின்றிப் படுக்கையிலேயே கிடந்தால் மூட்டுகள் இறுகும். படுக்கைப் புண் வரும். மீளக்கூடிய ஆற்றலும் மீளாமல் போகும். நோய்க்கு மருத்துவம் செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். அந்த ஏவல் மருத்துவமனை வாசலோடு முடிந்துவிடுவதில்லை.

ஸப்ர் என்பதைச் சிலர் தவறாக விளங்கிக்கொள்கின்றனர். "அல்லாஹ்வின் நாட்டம், பொறுமையாக இருங்கள்" என்று அந்த மனைவியிடம் கூறிவிட்டுத் திரும்புவது எளிது. ஆனால் பொறுமை, முயற்சியைக் கைவிடுவதன்று. முயற்சி செய்துகொண்டே விளைவை அல்லாஹ்விடம் ஒப்படைப்பதுதான் பொறுமை.

மற்றொரு தவறான எண்ணத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். மூளையின் முன்பகுதியில் அடிபட்டவர்களுக்குக் கோபத்தையும் சொல்லையும் கட்டுப்படுத்தும் திறன் குறையலாம். சாந்தமாக இருந்தவர் திட்டக்கூடும். எந்த வேலையிலும் நாட்டமின்றி அமர்ந்திருக்கவும் கூடும். இதைக் கண்டு "ஜின் தீண்டல்", "சூனியம்" என்று அலைந்து, பயிற்சிக்குரிய முதல் மாதங்களையும் கையிலிருந்த பணத்தையும் இழக்கும் குடும்பங்கள் உள்ளன. ஓதிப் பார்ப்பதை நாம் மறுக்கவில்லை. அது மருத்துவத்துக்குப் பதிலாகாது என்கிறோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகி இறந்ததை நம் சமுதாயம் மறக்கலாகாது. நோயை நோயாகப் பார்க்க மறுத்தால் அதன் விலையை நோயாளியே கொடுக்கிறார்.

அடுத்து, சிகிச்சைக்கு எங்கே செல்வது? வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மறுவாழ்வு நிலையம் 1966 முதல் இயங்கி வருகிறது. விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு, சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை சிகிச்சைகள் செய்த மருத்துவர் மேரி வர்கீஸின் உழைப்பில் உருவானது அது. சென்னை கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான மத்திய அரசு நிறுவனமும், பெங்களூரில் நிம்ஹான்ஸும் உள்ளன. தொலைவிலுள்ள ஊர்களில் வாழ்வோர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் இயன்முறை சிகிச்சைப் பிரிவை அணுகலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வந்து அளிக்கப்படுகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யக் கேட்க வேண்டும். மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போதே, "இனி எந்தப் பயிற்சி, எங்கே, எத்தனை நாளுக்கு ஒரு முறை?" என்று கேட்டு எழுதி வாங்குவது முதல் வேலையாகும்.

பணத்துக்கு வழி என்ன? சாலை விபத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் உண்டு. ஆண்டு வருமானம் ரூ.1,20,000க்கு உட்பட்ட குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை இடமுண்டு. இவை பெரும்பாலும் மருத்துவமனைப் படுக்கையைச் சார்ந்தவை. பிந்தைய மாதங்களுக்கு மாற்றுத்திறனாளிச் சான்றும் அடையாள அட்டையும் தேவை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அவற்றுள் 'மூளைக் காயம்' என்ற பெயர் இல்லை. ஆகவே கை கால் இயக்கம், பேச்சு, அறிவுத்திறன் ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியே மதிப்பிடுமாறு மருத்துவக் குழுவிடம் கேட்க வேண்டும். நடக்கிறார் என்பதற்காக நினைவிழப்பு கணக்கில் வராமல் போகலாகாது. கடும் பாதிப்புள்ளோருக்குத் தமிழக அரசு வழங்கும் பராமரிப்பு உதவித்தொகை மாதம் ரூ.2,000 ஆக உயர்த்தப்பட்டது.

விபத்து இழப்பீடு இவை அனைத்திலும் பெரியது. நம்மவர் மிகுதியாக இழப்பதும் அதுவே. காவல் நிலையத்தில் பெரியவர்கள் கூடி, சிறு தொகைக்குப் "பேசி முடித்து" விடுகின்றனர். அந்நேரத்தில் காயத்தின் ஆழம் எவருக்கும் தெரிந்திருப்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் ஆறு மாதக் கால வரம்பை வகுத்திருப்பதால், அதற்குள் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்வதே பாதுகாப்பு. 2007இல் நடந்த விபத்தில் தலையில் காயமுற்ற 12 வயதுச் சிறுமியின் வழக்கில், 2020இல் உச்ச நீதிமன்றம் ரூ.62 லட்சத்துக்கு மேல் இழப்பீடு வழங்கியது. வாழ்நாள் முழுவதும் உடனிருந்து கவனிக்க இரு பணியாளர்களுக்கு ஆகும் செலவும் அதில் அடங்கும். வீட்டுப் பெண்களின் உழைப்பால் மூடி மறைக்கப்படும் செலவை நீதிமன்றம் செலவாகவே கண்டது. இழப்பீடு வாங்குவது மார்க்கத்துக்கு ஒவ்வாது எனத் தயங்குவோர், உடலுறுப்பின் இழப்புக்கு ஈட்டுத்தொகை பெறுவது ஷரீஅத் சட்டத்திலேயே வகுக்கப்பட்டிருப்பதை எண்ணிப் பார்க்கட்டும். மருத்துவமனைச் சுருக்க அறிக்கை, ஸ்கேன் படங்கள், மருந்து ரசீதுகள் அனைத்தையும் ஒரே கோப்பில் பேண வேண்டும்.

இனி ஜமாஅத்தின் பொறுப்பு. ஸகாத்துக்கு உரியோர் எட்டுப் பிரிவினர் என்று குர்ஆனின் ஒன்பதாவது அத்தியாயம் 60ஆவது வசனம் கூறுகிறது. அவர்களுள் வறியோர் மட்டுமன்றிக் கடன்பட்டோரும் உளர். "அவர்களுக்குச் சொந்த வீடு இருக்கிறதே" என்று சிலர் ஒதுக்குகின்றனர். குடியிருக்கும் வீடு ஒருவரை ஸகாத்துக்குத் தகுதியற்றவராக்காது என்பது ஃபிக்ஹு நூல்கள் கூறும் சட்டம். நேற்றுவரை ஸகாத் கொடுத்தவர் இன்று பெறும் நிலைக்கு வரலாம். அவர் வாய்திறந்து கேட்கமாட்டார். ஸகாத் தொகையை அக்குடும்பத்தின் கையில் உடைமையாகக் கொடுத்துவிடுவதே பேணுதலான முறை. சக்கர நாற்காலி, உயரம் மாற்றக்கூடிய கட்டில், நடைச் சட்டம் ஆகியவற்றைப் பள்ளிவாசலில் வைத்துத் தேவைப்படுவோருக்கு மாற்றி மாற்றி வழங்க ஸதகா நிதி பொருந்தும்.

கெய்ரோவில் 1284இல் சுல்தான் கலாவூன் நிறுவிய மருத்துவமனை வக்ஃபு வருமானத்தில் இயங்கியது. குணமாகி வெளியேறும் ஏழைகள் உடனே வேலைக்கு ஓட நேராதபடி அங்கே பணம் கொடுத்தனுப்பப்பட்டதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. வீடு திரும்பிய பின்னும் நோயாளிக்குத் தேவை உண்டு என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

அளவில் சிறிதாயினும் இடைவிடாது செய்யப்படும் நற்செயலே அல்லாஹ்வுக்கு மிக உவப்பானது என்பது நபிமொழியின் கருத்து. 200 குடும்பங்கள் மாதம் ரூ.50 கொடுத்தால் ரூ.10,000 சேரும். ஆண்டுக்கு அது ரூ.1,20,000. ஒரு நாளில் திரட்டும் பெருந்தொகையால் இயலாததை இந்தச் சிறு தொகை செய்யும். பயிற்சி இடையில் நிற்காது. மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல ஓர் இளைஞர், மனுக்களை எழுதித் தர ஒரு பட்டதாரி, அந்த மனைவி சற்று உறங்கும்படி வாரத்தில் இரு பிற்பகல் வந்திருக்க மஹல்லாப் பெண்கள் என்று பொறுப்பைப் பகிர்ந்துகொண்டால், பணத்தால் ஆகாத உதவியும் கிடைக்கும். மத்ரஸாக்களில் பாடம் நடத்தும் நம் போன்றோர், ரமளானில் ஸகாத் பற்றிப் பேசும்போது இக்குடும்பங்களையும் எடுத்துச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

உங்கள் மஹல்லாவில் கடந்த ஓராண்டில் தலைக்காயத்தோடு வீடு திரும்பியவர் எவர் என்று இந்த வாரமே விசாரியுங்கள். அவர் வீட்டுக் கதவைத் தட்டி ஸலாம் கூறி, "பயிற்சி நடக்கிறதா?" என்று கேளுங்கள். நோயுற்றோருக்கு அல்லாஹ் முழு நலத்தையும், அவர்களைப் பேணுவோருக்கு நற்கூலியையும், நமக்கு நிலையான உதவும் மனத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.