கையெழுத்து தொழிலாளிக்கு, வாடகை முதலாளிக்கு!

வாடகை விமானத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று அம்பத்தூர்த் தோழர்கள் கேட்கலாம். நாம் அதில் ஏறப்போவதில்லை. ஆனால் அது விழுந்தால் நம் தலையிலும் விழும்!

2018 ஜூன் 28 அன்று மும்பை காட்கோபரில் விழுந்தது. பழுது பார்த்தபின் சோதனைக்காக ஜூஹுவிலிருந்து கிளம்பிய சிறு தனியார் விமானம் அது. விமானிகள் இருவர், இஞ்சினீயர் ஒருவர், டெக்னீஷியன் ஒருவர், தெருவில் போன ஒருவர் – ஐவரும் மாண்டனர். பக்கத்திலே கட்டடவேலை நடந்துகொண்டிருந்தது. சாப்பாட்டு வேளையானதால் தொழிலாளர்கள் தப்பினர். முதலாளி அந்த விமானத்தில் இல்லை!

சட்டம் இருக்கிறது. பழுது பார்த்தால், பறக்கத் தகுதியானது என்று லைசென்ஸ் பெற்ற இஞ்சினீயர் கையெழுத்திட வேண்டும். கிளம்புமுன் விமானி அந்தப் புத்தகத்தைப் பார்த்து ஏற்கவேண்டும். நல்ல சட்டந்தான். ஆனால் பணக்காரப் பயணி காத்திருக்கையில், "முடியாது" என்று பேனாவைக் கீழே வைப்பவருக்கு மறுநாள் வேலை உண்டா? சேஃப்டி கார்டைக் கழற்றிவிட்டு பவர் பிரஸ்ஸை ஓட்டச் சொல்லும் சூப்பர்வைசரைக் கண்ட பாடி, ஆவடித் தோழர்களுக்கு இதை நாம் விளக்கவேண்டுமா?

கண்காணிக்க வேண்டிய மத்திய சர்க்கார் என்ன செய்தது? சிவில் விமானப் போக்குவரத்து டைரக்டர் ஜெனரல் இலாகாவில் அனுமதிக்கப்பட்ட பதவிகள் 1,063. ஆள் இருந்தது 553ல்தான். நாம் சொல்லவில்லை, 2025ல் பார்லிமெண்டுக் கமிட்டியே சொன்னது. ஏறக்குறையப் பாதி நாற்காலி காலி! (நம் பேட்டையில் ஃபாக்டரி இன்ஸ்பெக்டரைக் கண்ணால் கண்டவர் எத்தனை பேர்?)

விபத்து நடந்ததும் முதலில் தேடுவது கையெழுத்துப் போட்டவரை. அவரை அவசரப்படுத்தியது யார் என்று எந்தப் புத்தகத்திலும் எழுதியிராது.

காலியிடங்களை நிரப்பு! கையெழுத்திட மறுத்தவரை வேலைநீக்கும் கம்பெனியின் பெர்மிட்டை ரத்துச் செய்!