கையாற் செய்யும் கமரா வண்டி

விழா மலரிலே விளையாட்டுப் புகையிரதத்தைப் பற்றி எழுதப் புகுந்த எம்மை நோக்கிச் சிலர் நகைத்தல் கூடும். தமிழாசிரியருக்குத் தண்டவாளத்தோடு யாது தொடர்பு என வினவுதலும் கூடும். தொடர்பு உண்டு. 1990ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதச் சேவை நின்றது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலேதான் அது மீண்டது. இடைப்பட்ட காலத்தில் இங்கு கற்ற நாம் புகையிரதம் என்னும் சொல்லைப் பிழையற எழுதினோம். அதனைப் பிரித்து யகர உடம்படுமெய் தோன்றியவாறுங் கூறினோம். ஆயின், பொருளைக் கண்டிலோம். சொல்லளவில் நின்றுவிடுங் கல்வியின் குறையை அன்றே உணர்ந்தோம்.

இப்பொழுது எம் மாணவர் சிலர் மாதிரிப் புகையிரதப் பாதையொன்றை அமைத்து, அதிலே கமரா பூட்டிய வண்டியை ஓட்ட விழைகின்றனர். ஆயத்தமாக விற்கப்படும் வண்டியை வாங்கித் தரலாமே என்கின்றனர் பழைய மாணவருள் அன்புடையார் சிலர். அவ்வன்பைப் போற்றுகின்றோம், கருத்தை ஏற்கமாட்டோம்.

செய்யவேண்டுவதுதான் யாது? 87இல் ஒரு பங்கு அளவினதாய், 16.5 மில்லிமீற்றர் இடைவெளியுள்ள தண்டவாளத்தில் ஓடும் பழைய தட்டை வண்டியொன்று போதும். ‘ஈ.எஸ்.பி. 32’ எனும் வகையைச் சேர்ந்த மலிவான கமராத் தட்டு, ஏறத்தாழ 27 மில்லிமீற்றர் அகலமும் 40 மில்லிமீற்றர் நீளமும் உடையது, வண்டியின்மேல் அடங்கும். அது கம்பியின்றியே கைபேசிக்குப் படத்தை அனுப்பும். அதற்கு வேண்டுவது 5 உவோற்று. சிறு இலித்தியம் மின்கலம் தருவதோ 3.7 உவோற்று. ஆகவே உவோற்றளவை உயர்த்தும் சிறு சுற்றொன்றும் வேண்டும். தண்டவாளத்திலிருந்தே மின்னைப் பெறலாமெனின், சில்லில் அழுக்குப் படியுந்தோறும் மின் அறுந்து படம் மறையும்.

இனி வருவனவே பாடங்கள். எஞ்சினுக்கு முன்னே தள்ளப்படும் வண்டி பாரங் குறைந்தால் வளைவிலே தடம் புரளும். 1935இல் தோன்றிய அமெரிக்கத் தேசிய மாதிரிப் புகையிரதச் சங்கத்தின் பரிந்துரைப்படி, இவ்வளவினதாகிய 6 அங்குல வண்டிக்கு 4 அவுன்சு, அஃதாவது ஏறத்தாழ 113 கிராம் எடை வேண்டும். எடையைத் தாழ வைத்தல் நன்று என்பதை மாணவன் விழுந்த வண்டியைத் தூக்கியே அறிவான். அண்மைப் பொருள் மங்கித் தோன்றினால் வில்லையைச் சிறிது திருப்பித் தெளிவு காண்பான். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தை ஒத்துக் காட்ட ஒரு மீற்றரை ஐந்து செக்கனில் கடக்கவேண்டும் என்பதைத் தானே கணிப்பான்.

மற்றொன்றும் உளது. மேலிருந்து நோக்குவோர்க்குக் குற்றமற்றதாய்த் தோன்றும் பாதையிலே, தண்டவாள மட்டத்தில் நின்று நோக்கும் கமரா பொருந்தாத இணைப்பையும் வண்ணம் பூசாத சுவரையுங் காட்டிக் கொடுக்கும். தன் வேலையின் குறையைத் தானே கண்டு திருத்தும் மாணவனுக்கு ஆசிரியரின் சிவப்பு மை மிகையன்றோ?

பரீட்சை நெருங்குங் காலத்தில் இஃதெல்லாம் வீண்பொழுது என்பர் பெற்றோர். அவர்தம் அச்சத்தை நாம் இகழோம். ஆயின், வாரத்தில் ஒரு மாலைப்பொழுது சித்தியைக் கெடுக்காது. மனனஞ் செய்த மின்னியல் விதி கையிலே உயிர்பெறுவதைக் கண்டவன் விடைத்தாளிலும் அதனை மறவான்.

ஆதலின், பழைய மாணவரை நாம் வேண்டுவது இதுவே. வண்டியைத் தரவேண்டா. ஒரு வேலை மேசை, பற்றாசுக்கோல், பல்மானி, சிறு வாள் ஆகியவற்றைத் தருக. உங்களுள் பொறியியலறிந்தோர் ஊருக்கு வருங்கால் ஒரு மாலைப்பொழுதையும் உடன் தருக. வாங்கிய வண்டி பழுதுற்றால் அலுமாரியை அடையும். செய்த வண்டி பழுதுற்றாலோ, மீண்டும் மேசைக்கே வரும்.