பெருநாளுக்கு விண்ணப்பம் போட வேண்டுமா?

2025-ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் மார்ச் 31, திங்கட்கிழமை வந்தது. அதற்குச் சில நாட்கள் இருக்கும்போது ஹரியானா அரசு, பொது விடுமுறைப் பட்டியலில் ஏற்கெனவே இருந்த அந்த நாளை வரையறுக்கப்பட்ட விடுப்பாக மாற்றி ஆணையிட்டது. அலுவலகம் திறந்திருக்கும், வேண்டியவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டு விடுப்பு எடுத்துக்கொள்ளலாம். முந்தைய இரண்டு நாட்களும் சனி, ஞாயிறு. திங்கட்கிழமையோ நிதியாண்டின் கடைசி நாள் என்று காரணம் சொல்லப்பட்டது. காரணம் பொய்யல்ல. ஆனால், கணக்கு முடிக்கக் கருவூலமும் வங்கியும் திறந்திருக்க வேண்டும் என்பது வேறு, மாநிலம் முழுவதற்கும் அது வேலை நாள் என்பது வேறு. செவிலியரும் பேருந்து ஓட்டுநரும் காவலரும் தீபாவளியன்றும் பணியில் இருக்கிறார்கள். அதற்காகத் தீபாவளியை யாரும் விருப்ப விடுப்பாக்குவதில்லை. அவசியமான பிரிவுகளுக்கு ஆட்களை வரவழைத்து ஈடுசெய் விடுப்பு கொடுப்பது எல்லா அரசுகளுக்கும் பழகிய வழிதான். போதாததற்கு, பிறை ஆண்டு 354 நாள் கணக்கில் ஓடுவதால் பெருநாள் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னால் நகர்கிறது. மார்ச் மாத முடிவோடு அது மறுபடி மோத 2057 வாக்கில் ஆகும். ஏறத்தாழ 32 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் இடைஞ்சலுக்குப் பட்டியலையா திருத்துவது?

எழுதிக் கொடுத்தால் விடுப்பு கிடைக்கிறதே, அப்புறம் என்ன குறை என்று கேட்கலாம். நிரந்தர அரசு ஊழியருக்கு அந்தக் கேள்வி ஓரளவு பொருந்தும். ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளிக்கும் தினக்கூலிக்கும் அப்படி ஒரு விடுப்புக் கணக்கே கிடையாது. பள்ளி மாணவருக்கு அன்று வராத பாடம் வராததுதான். தேர்வு வந்துவிட்டால் கதை இன்னும் மோசம். நியூயார்க்கில் 2006 ஜனவரியில் ஹஜ்ஜுப் பெருநாளன்றே மாநிலத் தேர்வு ஒன்று வைக்கப்பட்டது. பெருநாள் தொழுகையா, தேர்வா என்று பிள்ளைகள் முடிவு செய்ய வேண்டியிருந்தது. அதைத் தொடர்ந்து எழுந்த கோரிக்கையின் பலனாக 2015-இல் அந்நகரப் பொதுப் பள்ளிகள் இரு பெருநாட்களையும் விடுமுறையாக்கின. நாட்காட்டியில் விடுமுறை என்று இருந்தால் தேர்வு, நேர்காணல், கூட்டம் எதுவும் அன்று வைக்கப்படாது. விருப்ப விடுப்பு என்றால் எல்லாமே வைக்கப்படலாம். ஹரியானாவில் முஸ்லிம்கள் 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 7 விழுக்காடு. அதே மாநிலத்தின் நூஹ் மாவட்டத்தில் அவர்கள் 80 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறார்கள். அங்கே பெருநாளன்று அலுவலகத்தைத் திறந்து வைத்து யாருக்காகக் காத்திருப்பது?

மதச்சார்பற்ற அரசு மதப் பண்டிகைக்கு விடுமுறை விடலாமா என்பது கொள்கை அளவில் கனமான எதிர்வாதம். அதை நேர்மையாகப் பின்பற்றினால் தீபாவளியும் கிறிஸ்துமஸும் விருப்ப விடுப்பாக வேண்டும். வாரம் தவறாமல் வரும் ஞாயிறு எங்கிருந்து வந்தது என்றும் கேட்க வேண்டும். கிறிஸ்தவர்களின் தொழுகை நாள் காலனி ஆட்சியோடு வந்து நம் எல்லோருக்கும் ஓய்வு நாளாகிவிட்டது. அதை ஒரு மதத்தின் நாளாக இன்று யாரும் உணர்வதில்லை. நாட்காட்டி ஏற்கெனவே மதங்களின் தடத்தில்தான் நடக்கிறது. அப்படியிருக்க, முஸ்லிம் பண்டிகை வரும்போது மட்டும் மதச்சார்பின்மை நினைவுக்கு வருவது கொள்கையாகாது.

மத்திய அரசின் பட்டியலை நீட்டி வேறொரு கணக்கும் சொல்கிறார்கள். டெல்லிக்கு வெளியே உள்ள அலுவலகங்களுக்கான 14 கட்டாய விடுமுறைகளில் முஸ்லிம்களுக்கு நான்கு, இந்துக்களுக்குத் தசராவும் தீபாவளியும் மட்டும். உண்மைதான். ஆனால், அந்த 14-க்கு வெளியே ஹோலி, ராமநவமி, ஜென்மாஷ்டமி, பொங்கல், ஓணம் போன்றவற்றிலிருந்து மூன்று நாட்களை அந்தந்த மாநிலத்துக்கு ஏற்பத் தேர்ந்துகொள்ளலாம். இந்துப் பண்டிகைகள் ஊருக்கு ஊர் மாறுவதால் செய்யப்பட்ட ஏற்பாடு அது. நான்கில் ஒன்றான மீலாது நபி, 1990 சுதந்திர தின உரையில் வி.பி.சிங் அறிவித்தது, அதில் அரசியல் கணக்கு இல்லையென்று நான் வாதாட மாட்டேன். நபி பிறந்த நாளைக் கொண்டாடுவது மார்க்கத்தில் இல்லை என்று சொல்லும் முஸ்லிம்கள் தமிழ்நாட்டிலேயே உண்டு. ஆக, மீலாது விடுமுறையைப் பற்றிப் பேச இடமிருக்கிறது. நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும் அந்தப் பேச்சில் வருபவை அல்ல.

விடுமுறைகள் அதிகம், குறைத்தாக வேண்டும் என்றால் குறைக்கலாம். குறைக்கும் முறைக்கு சிங்கப்பூர் ஒரு பாடம். பிரிட்டிஷ் படைகள் வெளியேறவிருந்த நேரத்தில், பொருளாதார நெருக்கடியை எதிர்பார்த்து 1968-இல் அந்நாடு 16 பொது விடுமுறைகளை 11 ஆக்கியது. எதை விடுவது என்று சமயத் தரப்புகளைக் கலந்தது. முஸ்லிம்கள் நபி பிறந்த நாளை விட்டு இரு பெருநாட்களை வைத்துக்கொண்டார்கள். கிறிஸ்தவர்கள் ஈஸ்டர் திங்களை விட்டார்கள். இந்துக்களிடம் தீபாவளி தங்கியது, தைப்பூசம் போனது. அந்த இழப்பு அங்குள்ள தமிழர்களுக்கு இன்றும் மனக்குறைதான். தைப்பூச விடுமுறையைத் திரும்பக் கேட்கும் குரல் அடங்கவில்லை. இருந்தும் எல்லாரும் இழந்தார்கள், எதை இழப்பது என்பதில் பேச இடம் பெற்றார்கள். உத்தரப் பிரதேசம் 2017-இல் 15 விடுமுறைகளை நீக்கியபோது மீலாது நபியோடு பரசுராமர் ஜெயந்தியும் போனது. அந்தப் பொதுத்தன்மையாவது அதில் இருந்தது. ஹரியானா தொட்டது ஒரே ஒரு நாளை, அதுவும் பண்டிகைக்குச் சில நாட்களே இருக்கும்போது.

பிறை பார்த்து நாள் மாறினால் நிர்வாகம் எப்படித் திட்டமிடும் என்பதற்குத் தமிழ்நாடே பதில் வைத்திருக்கிறது. 2024-இல் தலைமை காஜியின் அறிவிப்பை ஒட்டி மீலாது விடுமுறை செப்டம்பர் 16-லிருந்து 17-க்கு நகர்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டு விநாயகர் சதுர்த்தி விடுமுறையும் 17-லிருந்து 18-க்குத் திருத்தப்பட்டது. இரண்டுக்கும் தேவைப்பட்டது ஓர் அரசாணை.