எரியாமல் தப்பிய தெரு

ஸ்பெயின் தேசத்தின் வடகோடியில், பிரெஞ்சு எல்லைக்கு வெகு சமீபத்தில், ஸான் ஸெபாஸ்டியன் என்றொரு பட்டணம் இருக்கிறது. பாஸ்க் ஜனங்கள் தங்கள் சொந்தப் பாஷையில் அதை டொனோஸ்டியா என்பார்கள். அங்குள்ள வளைந்த மணற்கரைக்கு 'லா கோஞ்சா', அதாவது 'சிப்பி' என்று பெயர். குடாவின் வாயிலில் ஒரு சிறு தீவு நின்று அலைகளின் கோபத்தைத் தணித்து அனுப்புகிறது.

இவ்வூருக்குப் பிரபல்யம் வந்தது வைத்தியர்களால். சரும உபாதைக்கு ஸமுத்திர ஸ்நானம் நல்லது என்று அவர்கள் சொல்ல, 1845-ஆம் வருஷம் இரண்டாம் இஸபெல் ராணி இங்கே வந்தாள். ராணி குளித்த கடலில் பிரபுக்கள் குளியாமல் இருப்பார்களா? 1863-இல் கோட்டை மதில்களை இடிக்கத் தொடங்கினார்கள். மறு வருஷமே மாட்ரிட்டிலிருந்து ரயிலும் வந்தது. 1887-இல் சூதாட்ட மாளிகை ஒன்று எழுந்தது. 1924-இல் சூதாட்டம் தடுக்கப்படவே அது பாழடைந்து கிடந்து, 1947-இல் நகரசபைக் கட்டிடமாயிற்று. இப்போது அங்கே ஊர்ப் பணத்தைப் பற்றி முடிவு செய்கிறார்கள். இரண்டு காரியங்களுக்கும் வித்தியாசம் உண்டா என்பதை வரி செலுத்துவோர்தாம் சொல்ல வேண்டும்!

ஆனால் நம் மனத்தைக் கவர்வது பழைய ஊருக்குள் இருக்கும் ஒரு தெரு. 'ஆகஸ்டு 31' என்பதே அதன் பெயர்.

1813-ஆம் வருஷம் நெப்போலியனுடைய சேனை இந்நகரைப் பிடித்து வைத்திருந்தது. அதை விடுவிப்பதற்காக ஆங்கிலேய, போர்த்துக்கேயப் படைகள் வந்தன. ஸ்பெயினுக்கு அவர்கள் நேசர்கள் என்பதை நேயர்கள் மறந்துவிடக் கூடாது. ஆகஸ்டு 31-இல் மதிலைப் பிளந்து உள்ளே நுழைந்தார்கள். பிரெஞ்சுக்காரர் ஊர்குல் குன்றின் கோட்டைக்குள் ஒதுங்கிக் கொண்டார்கள். நேசப்படையோ ஊராரைக் கொள்ளையிட்டது, கொன்றது, பெண்களை மானபங்கம் செய்தது. தீ பல நாள் எரிந்தது. சுமார் அறுநூறு வீடுகளில் முப்பத்துச் சொச்சமே மிஞ்சின. அவை பெரும்பாலும் இந்தத் தெருவில் இருந்தவை.

பிரதம சேனாதிபதி வெல்லிங்டன். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து சூறையாடப்பட்டபோது அங்கே இருந்த அதே வெல்லெஸ்லிதான். அங்கே கொள்ளைக்காரச் சிப்பாய்களைத் தூக்கிலிட்டு ஒழுங்கை நிலைநாட்டியவர், இங்கே தீ பிரெஞ்சுக்காரர் வேலை என்று சொல்லிவிட்டார். ஊராரோ சாட்சிகளை அழைத்து வாக்குமூலம் வாங்கி எழுதி வைத்தார்கள். வகுப்பில் நாம் வெல்லிங்டனின் வெற்றிகளை வரிசையாகப் போதித்து வந்தோம்; இந்த வாக்குமூலங்களைப் பற்றி நெடுநாள் அறியாமலே போதித்தோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

செப்டம்பர் 8-இல் கோட்டை சரணடைந்தது. அன்றே ஊர்ப் பெரியவர்கள் அருகிலுள்ள ஸுபியேட்டாவில் கூடி, பட்டணத்தை மறுபடியும் கட்டுவது என்று தீர்மானித்தார்கள். உகார்ட்டெமெண்டியா என்ற சிற்பி அடியோடு புதிய அமைப்பில் ஒரு திட்டம் வரைந்து கொடுத்தார். மனைக்காரர்கள் இணங்கவில்லை, அவரவர் பழைய மனை அவரவருக்கு வேண்டுமென்றார்கள். ஆகவே பெரும்பாலும் பழைய தெருக்களின் போக்கிலேயே புது வீடுகள் எழுந்தன.

காலத்தின் விநோதம், 1893-இல் மரியா கிறிஸ்டினா ராணியின் மீராமார் அரண்மனைக்குப் படம் வரைந்தவர் ஓர் ஆங்கிலேயர். 1889-இல் விக்டோரியா ராணியும் இங்கே வந்து உபசாரம் பெற்றுப் போனாள்.

ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்டு 31 இரவில் அத்தெருவில் மின்சார விளக்குகளை அணைத்துவிட்டு, மாடி முகப்புகளில் மெழுகுவர்த்தி ஏற்றி வைக்கிறார்கள்.